பலகை, கோடு, விளக்கு: அம்பைச் சாலை பற்றி ஒரு மதிப்பீடு

சாலைக் குறிகளை மதிப்பிட மூன்று அளவைகள் போதும். குறி உரிய தூரத்தில் கண்ணில் படுகிறதா? அது சொல்வது உண்மையா? பக்கத்தில் இருக்கும் மற்றக் குறிகளோடு ஒத்துப் பேசுகிறதா? தகட்டின் தரம், வண்ணத்தின் பளபளப்பு, கம்பத்தின் உறுதி எல்லாம் இம்மூன்றுக்கும் பணி செய்பவை. திருநெல்வேலியிலிருந்து பத்தமடை, சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி வழியாக வந்து, தாமிரபரணியைக் கடந்து அம்பை என்னும் அம்பாசமுத்திரம் சேரும் சுமார் 35 கிலோமீட்டர் சாலை ஒன்று. அங்கிருந்து விக்கிரமசிங்கபுரம் தாண்டிப் பாபநாசம் போகும் அதன் தொடர்ச்சி மற்றொன்று. இவ்விரண்டையும் மேற்சொன்ன அளவைகளால் பார்த்தால், முதல் அளவையில் சாலை பாதி தேறுகிறது, இரண்டாவதில் தடுமாறுகிறது, மூன்றாவதில் தோற்கிறது.

இந்தச் சாலையைத் தேர்ந்ததற்குக் காரணம் அதன் சிறப்பு அல்ல, பொதுமை. நடுவே தடுப்பு இல்லாத இருவழிச் சாலை. சில கிலோமீட்டருக்கு ஓர் ஊர். ஊருக்குள் நுழைந்ததும் சாலையே கடைத்தெரு ஆகிவிடும். ஊர் தாண்டினால் வயல், வாழை, கால்வாய். அரசுப் பேருந்து, மினி பஸ், கல் ஏற்றிய டாரஸ் லாரி, அறுவடை இயந்திரம், டூவீலர், சைக்கிள், மாடு, மேய்ச்சலுக்குப் போகும் வாத்துக் கூட்டம் எல்லாம் ஒரே தார்ப்பரப்பைப் பங்கிட்டுக்கொள்கின்றன. குறியமைப்பின் தரம் நால்வழிச் சாலையில் அவ்வளவாக வெளிப்படாது. அங்கே சாலையின் வடிவமே பாதி வேலையைச் செய்துவிடும். கலப்புப் போக்குவரத்து ஓடும் இதுபோன்ற சாலையில்தான் குறி தனியாக நின்று உழைக்க வேண்டியிருக்கிறது.

நெறிநூல்களுக்கு இங்கே பஞ்சமில்லை. 1934-இல் தோன்றிய இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் பலகைகளுக்கு 67, கோடுகளுக்கு 35, விளக்குகளுக்கு 93, வேகத்தடைகளுக்கு 99 என எண்ணிட்டு நூல்கள் தந்திருக்கிறது. பலவற்றைத் திருத்தியும் வெளியிட்டிருக்கிறது. சாலைக் குறிகளுக்கான 1968 வியன்னா உடன்படிக்கையில் இந்தியா 1980-இல் சேர்ந்தது. 1988-இன் மோட்டார் வாகனச் சட்டம் குறிகளை முதல் அட்டவணையில் வைத்து, அவற்றுக்குக் கட்டுப்படுவதை ஓட்டுநரின் கடமையாக்கியது. ஆகவே இலக்கணம் இல்லை என்ற சாக்கு எடுபடாது. இலக்கணம் எவ்வளவு தூரம் வழக்காகியிருக்கிறது என்பதே கேள்வி.

பலகைகளிலிருந்து தொடங்கலாம். இரும்புத் தகட்டில் கையால் எழுதி, இரண்டு மழைக்குள் துருவேறிப்போன பழைய பலகைகளை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு இன்றைய பலகை பெரிய முன்னேற்றம். அலுமினியத் தகடு துருப்பிடிப்பதில்லை. அதன்மேல் ஒட்டிய படலம் முகப்பு விளக்கின் ஒளியை வந்த திசைக்கே திருப்புவதால், தெருவிளக்கு இல்லாத இடத்திலும் பலகை எடுப்பாகத் தெரிகிறது. வடிவ ஒழுங்கும் பெரும்பாலும் காக்கப்பட்டிருக்கிறது. எச்சரிக்கைக்கு முக்கோணம், கட்டளைக்கு வட்டம், தகவலுக்குச் செவ்வகம். எழுதப் படிக்கத் தெரியாதவரும் வடிவத்தைக் கொண்டே குறியின் தன்மையை உணரலாம் என்பது இந்த மரபின் பெருமை. இச்சாலை அதைக் கெடுக்கவில்லை.

பொருளின் தரம் உயர்ந்த அளவுக்குச் சொல்லின் தரம் உயரவில்லை. இங்கும் மற்ற மாவட்டச் சாலைகளிலும் பெருகிவரும் ‘விபத்துப் பகுதி’ என்னும் பலகையை எடுத்துக்கொள்வோம். நல்ல எச்சரிக்கை ஆபத்தைப் பெயர் சொல்லிக் காட்டும்: வலப்புற வளைவு, குறுகிய பாலம், பள்ளி, கிளைச்சாலை. ஓட்டுநர் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும், எதற்குத் தயாராக வேண்டும் என்பது அந்தப் பெயரிலேயே அடங்கிவிடும். ‘விபத்துப் பகுதி’ அச்சத்தைச் சொல்கிறது, செய்ய வேண்டியதைச் சொல்வதில்லை. விபத்தின் காரணத்தை ஆராய்ந்தபின் வைத்த குறியாக அது தோன்றவில்லை, ஆராய்வதற்குப் பதிலாக வைத்த குறியாகவே தோன்றுகிறது. காரணம் கண்டறியும்வரை இடைக்கால ஏற்பாடாக நிற்கட்டும் என்று வாதிடுவோர் உண்டு. பலகையின் ஓரத்தில் அது வைக்கப்பட்ட தேதியும் எழுதியிருந்தால் அந்த வாதத்தை ஏற்கலாம்.

ஊர்ப்பெயர்ப் பலகைகளில் சிக்கல் வேறு. 10 சென்டிமீட்டர் உயரமுள்ள ரோமன் எழுத்தை நல்ல பார்வை உள்ளவர் தோராயமாக 40 முதல் 50 மீட்டரில் படிப்பார் என்பது பொறியாளர்களின் கணக்கு. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் அந்தத் தூரம் மூன்றே வினாடிகளில் தீர்ந்துவிடும். அதற்குள் மூன்று ஊர்ப்பெயர், இரண்டு மொழி, மூன்று அம்புக்குறி. தமிழ் எழுத்துக்கு இக்கணக்கை அப்படியே பொருத்த முடியாது. கொம்பும் சுழியும் விலங்கும் புள்ளியும் நெருங்கி நிற்கும் எழுத்து இது. கல்லிடைக்குறிச்சி என்று எழுதினால் மூன்று புள்ளி. விக்கிரமசிங்கபுரம் என்றால் பலகையின் அகலமே போதாது. போதாதபோது எழுத்தைப் பக்கவாட்டில் நசுக்கிவிடுகிறார்கள். நசுங்கிய எழுத்தில் சுழிகள் அடைபட்டு, தொலைவிலிருந்து கறுப்புத் திட்டாகின்றன. பிரிட்டனில் ஜாக் கின்னீரும் மார்கரெட் கால்வெர்ட்டும் 1957 முதல் சாலைக்கென்றே ஓர் எழுத்துருவை வரைந்து, தொலைவில் நிறுத்திச் சோதித்து, அது 1965-இல் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்தது. அத்தகைய உழைப்பின் பயன் எந்தத் தமிழ்ப் பலகையிலும் தெரியவில்லை. அச்சுக்கு வரைந்த எழுத்துருக்களையே சாலைக்கும் ஏற்றிவிடுகிறோம். 2020 ஜூனில் 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்றும் அரசாணை வெளியாகி, சில நாட்களிலேயே திரும்பப் பெறப்பட்டது. ஆங்கில எழுத்துக்கூட்டலைப் பற்றி அப்போது எழுந்த விவாதத்தில் ஒரு பங்காவது பலகையின் தமிழ் எழுத்து படிக்கக் கிடைக்கிறதா என்பதைப் பற்றி எழுந்திருக்கலாம்.

மறைப்பு என்ற குறையையும் சொல்ல வேண்டும். கிளை மறைத்தால் வெட்டலாம். ஃப்ளெக்ஸ் பேனர் மறைத்தால்? போக்குவரத்துக் குறியை மறைக்கும் அல்லது அதுபோலத் தோன்றி மயக்கும் விளம்பரத்தை அகற்றும் அதிகாரத்தை மோட்டார் வாகனச் சட்டத்தின் 116-ஆம் பிரிவு காவல் கண்காணிப்பாளருக்குக் குறையாத அதிகாரிக்கு நேரடியாகவே தருகிறது. 2019 செப்டம்பரில் சென்னை பள்ளிக்கரணையில் பேனர் சரிந்து விழுந்து, ஸ்கூட்டரில் சென்ற இளம்பெண் இறந்தபின் பேனர் கலாசாரம் சிறிது காலம் அடங்கியது. கல்யாணத்துக்கும் கோயில் கொடைக்கும் கட்சிக் கூட்டத்துக்கும் கட்டும் பேனர் வட்டப் பலகையின் பாதியை மூடி நிற்பது இன்றும் பழகிய காட்சிதான்.

இனி கோடுகள். இச்சாலையின் பெருங்குறை இங்கேதான். அதை விளக்க நிலத்தின் அமைப்பிலிருந்து வர வேண்டும். தாமிரபரணியில் எட்டு அணைக்கட்டுகள். அவற்றிலிருந்து பிரியும் கால்வாய்களில் நதியுண்ணி அம்பைப் பக்கத்தையும், கன்னடியன் கல்லிடைக்குறிச்சி முதல் சேரன்மகாதேவிப் பக்கத்தையும் வளப்படுத்துகின்றன. பாசனக் கால்வாயும் வாய்க்காலும் சாலையை ஒட்டியும் குறுக்கிட்டும் ஓடாத கிலோமீட்டரே அரிது. ஒவ்வொரு குறுக்கீட்டுக்கும் ஒரு சிறுபாலம், அதற்கு இரண்டு கைப்பிடிச் சுவர். பல இடங்களில் தார் முடிந்து ஓரடி மண் தாண்டினால் தண்ணீர். இப்படிப்பட்ட நிலத்தில் சாலையின் ஓரம் எங்கே முடிகிறது என்று இரவில் காட்டுவதே குறியமைப்பின் முதற்கடமை.

எதிரே லாரி ஹைபீம் போட்டு வரும் சில வினாடிகளை எண்ணிப் பாருங்கள். டூவீலரில் வருபவருக்கு முன்னே எதுவும் தெரியாது. அந்த வினாடிகளில் பற்றிக்கொள்ள அவருக்கு இருப்பது ஒன்றே: இடப்பக்கம் தொடர்ந்து ஓடும் வெள்ளை ஓரக்கோடு. பார்வையை எதிர்விளக்கிலிருந்து இறக்கி அந்தக் கோட்டில் பதித்துக்கொண்டால் சாலையிலேயே இருக்கலாம். கோடு அழிந்திருந்தால் அவர் ஊகத்தில் ஓட்டுகிறார். நடுவே விலகினால் லாரி, ஓரம் ஒதுங்கினால் கால்வாய். ஓரக்கோட்டை இரண்டாந்தரச் செலவாகக் கருதும் மனப்போக்கு வேறெங்காவது பொறுக்கத்தக்கதாக இருக்கலாம். இந்தப் பள்ளத்தாக்கில் அது பிழை.

கோடு அழிவதைவிட நுட்பமான குறை ஒன்று உண்டு. சூடாக்கி உருக்கி இடும் தெர்மோபிளாஸ்டிக் கோட்டுக்கு நெறிநூல் 2.5 மில்லிமீட்டர் கனம் கேட்கிறது. இட்ட சூடு ஆறுமுன் ஒரு சதுர மீட்டருக்கு 250 கிராம் கண்ணாடி மணிகளைத் தூவச் சொல்கிறது. முகப்பு விளக்கின் ஒளியைத் திருப்பி அனுப்புபவை அந்த மணிகள்தான். மணி குறைந்தாலும், சரியாகப் பதியாமல் உதிர்ந்தாலும், கோடு பகலில் தூய வெள்ளையாகத் தெரியும், இரவில் தாரோடு தாராகும். ஆகவே கோட்டைப் பகலில் பார்த்து நன்று என்று ஒப்புக்கொள்ளும் முறையே தவறானது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் நிலைமை இன்னும் மோசம். சாலைமேல் படரும் மெல்லிய நீர்ப்படலம் மணிகளை மூடிவிட, ஒளி அவற்றை எட்டாமல் நீரிலேயே சறுக்கிப்போகிறது. ஓரக்கோடு மிகத் தேவைப்படும் இரவில் அது இல்லாமற்போகிறது. மேடும் பள்ளமுமாக இடும் கோடு நீர்ப்படலத்துக்கு மேல் தலைநீட்டி ஓரளவு ஒளிரும். கால்வாயை ஒட்டிய பகுதிகளுக்கு மட்டுமாவது அதைக் கேட்பது பேராசை அல்ல.

நடுக்கோட்டின் குற்றம் வேறு வகை. அது அழிவதில்லை, பொய் சொல்கிறது. விட்டுவிட்டு வரும் வெள்ளைக் கோடு முந்தலாம் என்ற அனுமதி, தொடர்கோடு தடை. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் நின்றுகொள்ள 80 மீட்டர் தெரிந்தால் போதும். முந்திச் சென்று பத்திரமாகத் திரும்ப 300 மீட்டர் தெரிய வேண்டும் என்பது நெறிநூலின் கணக்கு. நிற்கப் போதுமான பார்வை இருந்தும் முந்தப் போதாத இடங்கள் இச்சாலையில் ஏராளம். வாழைத்தோட்டம் மறைக்கும் வளைவு, பாலத்துக்கு ஏறும் மேடு, மரச்செறிவு. அங்கெல்லாம் ஓட்டுநரின் கண், வழி தெளிவாக இருக்கிறது என்றே சொல்லும். கண் ஏமாறும் அந்த இடத்தில் திருத்திச் சொல்வதற்காகத்தான் தொடர்கோடு. ஒவ்வொரு வளைவிலும் பார்வைத் தூரத்தை அளந்து, எங்கே கோடு விட்டுப்போகலாம், எங்கே தொடர வேண்டும் என்று முடிவுசெய்ய வேண்டும். சாலைக்குப் புதுத்தார் போட்டபின் ஒரே அச்சில் விட்டுவிட்டு இழுத்துக்கொண்டே போனால் அந்த அளவை நடக்கவில்லை என்று பொருள். ஓரத்தில் ‘முந்தாதே’ என்ற வட்டப் பலகையும் கீழே முந்த அனுமதிக்கும் கோடும் ஒரே வளைவில் சேர்ந்து நிற்பதைக் காண்கிறோம். இரண்டில் ஒன்று தவறு. எது தவறு என்று கண்டுபிடிக்கும் வேலை ஓட்டுநருடையது அல்ல.

கார், பிசானம் என்னும் நெற்பருவங்களின் அறுவடை வரும்போது நெல்லும் உளுந்தும் சாலையில் காயும். நெல்லைச் சுற்றி வண்டி ஏறாமலிருக்கக் கல் வைப்பார்கள். இருட்டியபின் அந்தக் கல் அங்கேயே கிடந்தால் உயிருக்கு ஆபத்து. உழவர்மீது முழுப்பழியையும் போடுவது எளிது, நியாயமாகாது. ஊரில் உலர்களம் இல்லாதவர் ஈர நெல்லை எங்கே கொண்டுபோவார்? ஆனால் கோட்டுக்கு உள்ளே இருப்பது வண்டிக்கு, வெளியே இருப்பது மற்றதற்கு என்ற உணர்வு பரவவில்லை என்பதற்கு இது சான்று. ஆண்டில் பாதி நாள் தெரியாத கோட்டிடமிருந்து அந்த உணர்வு பிறக்கவும் வழியில்லை.

இந்த இடத்தில் பழைய ஏற்பாடு ஒன்றுக்கு மரியாதை செய்ய வேண்டும். சாலையோர மருதமும் புளியும் வேம்பும் அடிமரத்தில் வண்ணப் பட்டையும் எண்ணும் தாங்கி நிற்பது தமிழ்நாட்டுச் சாலைகளின் வழக்கம். அம்மரங்கள் வளைவை நூறு மீட்டருக்கு முன்பே வரிசையால் காட்டிவிடும். கிடைமட்டக் கோடு மழையில் மறையும், நெல்லில் மூடும், தேயும். கண்மட்டத்தில் நிற்கும் பட்டை மறைவதில்லை. வழிகாட்டுதல் என்ற வகையில் இச்சாலையில் மிக நன்றாகப் பணியாற்றிய குறி அதுவே. அதே மரம் தடம் விலகிய வண்டிக்கு மன்னிப்பே தராத தடையும் ஆகும் என்பதை மறைக்கக்கூடாது. சாலையை அகலப்படுத்தும்போது மரம் தார் விளிம்புக்கு வந்துவிடுகிறது, பிறகு வெட்டப்படுகிறது. வெட்டியது சரியா தவறா என்பது வேறு விவாதம். மரம் செய்துவந்த குறிவேலையை யார் செய்வது என்ற கேள்விக்கு விடையாக, அதே இடைவெளியில் ஒளிர்பட்டை ஒட்டிய கம்பங்களை நட்டிருக்க வேண்டும். மரக்கணக்கு எடுத்தவர்கள் இந்தக் கணக்கை எடுக்கவில்லை.

பலகைக்கும் கோட்டுக்கும் நம்பகம் போனபின் சாலையை ஆள்வது வேகத்தடை. ஊர் முகப்பில், பள்ளி வாசலில், கோயில் தெருமுனையில், விபத்து நடந்த மறுநாள் மக்கள் மறியலில் உட்கார்ந்து கேட்கும் முதற்பொருள் அதுதான். கேட்பதில் நியாயம் இருக்கிறது. 30 என்று எழுதிய பலகையை யாரும் மதிக்காத இடத்தில் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும் தாய் வேறு எதைக் கேட்பாள்? தமிழ்நாட்டில் 2022-இல் மட்டும் 64,105 சாலை விபத்துகள், 17,884 இறப்புகள். இந்த எண்களின் முன்னே வேகத்தடையை எள்ளி நகையாட எனக்கு மனம் வராது. ஆனால் தேவையின் நியாயம் கட்டுமானத்தின் பிழையை நியாயப்படுத்தாது. 1988-இன் நெறிநூல் வகுத்த தடை 17 மீட்டர் ஆரமுள்ள வளைபரப்பு: 3.7 மீட்டர் அகலம், நடுவில் 10 சென்டிமீட்டர் உயரம். மணிக்கு 25 கிலோமீட்டரில் அதன்மேல் போனால் உடல் குலுங்காது. வேகமாகப் போனால்தான் தண்டனை. கிராமத்து முகப்பில் ஒரே இரவில் எழும் ஓரடி அகல மேடு இதற்கு நேர்மாறு. மெதுவாக வரும் சைக்கிளையும் கர்ப்பிணி அமர்ந்த ஆட்டோவையும் அது தூக்கிப்போடுகிறது. வேகமாக வரும் கனத்த லாரியை அவ்வளவாகப் பாதிப்பதில்லை. யாரைக் காக்க வந்ததோ அவரையே வருத்துவதால் அது கருத்தளவிலேயே தோல்வி.

நெறிநூல் தடைக்கு 40 மீட்டர் முன் பலகையையும், தடைமேல் மாறிமாறி வரும் கறுப்பு வெள்ளைப் பட்டைகளையும் கேட்கிறது. பட்டை தேய்ந்து, பலகையும் இல்லாத தடை இரவில் விபத்தைத் தடுப்பதில்லை. தானே ஒன்றை உண்டாக்குகிறது. 2016-இல் மத்திய அமைச்சகம் தேசிய நெடுஞ்சாலைகளின் வேகத்தடைகளை அகற்றச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். அம்பைச் சாலைக்கு அந்த முடிவு பொருந்தாது. இங்கே தடை வேண்டும். சரியான வளைவோடு, பட்டையோடு, முன்னறிவிப்போடு வேண்டும்.

குறிகள் ஒத்துப் பேசினால் என்ன நடக்கும் என்பதற்கு இதே பள்ளத்தாக்கில் ஒரு நல்ல மாதிரி உண்டு: ரயில்வே கேட். திருநெல்வேலி–தென்காசி ரயில் பாதை 1903-இல் வந்தது. 2012-இல் அகலப் பாதையானது. கேட்டுக்கு 200 மீட்டர் முன் இரண்டு சிவப்புப் பட்டையோடு ஒரு பலகை, நெருங்கியபின் ஒற்றைப் பட்டையோடு மற்றொன்று, பிறகு வேகத்தடை, நிறுத்தக் கோடு, சிவப்பு விளக்கு, கடைசியில் தடுப்புக் கட்டை. ஒவ்வொன்றும் அடுத்ததையே சொல்கிறது. எதுவும் எதையும் மறுப்பதில்லை. மூடிய கேட்டில் இடப்பக்கமும் வலப்பக்கமும் டூவீலர்கள் அடைத்து நிற்பது நம் பழக்கத்தின் குறை. குறியமைப்பின் குறை அல்ல. உண்மை என்ற அளவைக்கும் கேட்டிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டு கிடைக்கிறது. ஆளில்லாக் கடவுகள் அகலப் பாதைகளில் 2019 ஜனவரிக்குள் முழுவதுமாக ஒழிக்கப்பட்டன. அதற்குரிய இஞ்சின் படம் போட்ட முக்கோணம் எங்காவது இன்னும் நின்றால் அது பொய்ச்சாட்சி. பலகையை நடுவதற்கு இருக்கும் ஒப்பந்தப்புள்ளி பிடுங்குவதற்கு இருப்பதில்லை.

விளக்குக்கு வருவோம். தாலுகா ஊர்களில் சிக்னல் ஒரு கௌரவமாகவே கேட்கப்படுகிறது. அம்பை போன்ற ஊருக்கு அது வேண்டுமா? நெறிநூல் 93 இதை ஆசைக்கு விடவில்லை. சராசரி நாளில் எட்டு மணி நேரமாவது முதன்மைச் சாலையிலும் கிளைச் சாலையிலும் குறிப்பிட்ட அளவு வாகனம் ஓட வேண்டும் என்பதுபோல் தகுதிகளை வைத்திருக்கிறது. பள்ளி தொடங்கும் நேரமும் விடும் நேரமும், முகூர்த்த நாளின் காலையும் தவிர மற்ற வேளைகளில் அந்த நெருக்கம் இல்லாத சந்திப்பில் விளக்கு வைத்தால், வெறும் சாலையில் சிவப்புக்கு நிற்கப் பழக்குகிறோம். பிறகு சிவப்பைத் தாண்டப் பழக்குகிறோம்.

1958-இல் போக்குவரத்து ஆய்வாளர் வெப்ஸ்டர் தந்த சூத்திரம் இதைக் கணக்காகவே காட்டுகிறது. ஒரு சுற்றில் வீணாகும் நேரத்தை ஒன்றரையால் பெருக்கி, ஐந்தைக் கூட்டி, சாலையில் மிஞ்சியிருக்கும் கொள்ளளவின் பங்கால் வகுத்தால் உகந்த சுற்றுநேரம் கிடைக்கும். வீணாவது 10 வினாடி, சாலையின் கொள்ளளவில் ஓடுவது 40 விழுக்காடு என்றால் விடை 33 வினாடி. சிறிய ஊருக்கு உகந்தது இந்த அளவுதான். நாற்சந்தியின் நான்கு திசைக்கும் தனித்தனியாகப் பச்சை கொடுத்து 90, 120 வினாடி என்று நிறுவும்போது, விளக்கே நெரிசலைப் படைத்துவிடுகிறது.

எதிர்முனையில் நிற்பவர் நெதர்லாந்தின் ஹான்ஸ் மாண்டர்மன். டிராக்டன் நகரில் விளக்கும் பலகையும் கோடும் எடுக்கப்பட்ட சந்திப்பில், ஓட்டுநரும் நடப்பவரும் ஒருவர் கண்ணை ஒருவர் பார்த்துக் கடக்கும்படி வடிவமைத்தார். நம் பஜார்களைப் பார்ப்பவர், அதைத்தானே இங்கே எப்போதும் செய்கிறோம் என்பார். மேலோட்டமான ஒற்றுமை. மாண்டர்மனின் சந்திப்பில் வேகம் முன்பே வடிவத்தால் தணிக்கப்பட்டது; நடப்பவருக்குத் தனி இடம் இருந்தது. இங்கே திறந்த சாலையின் வேகத்தோடு லாரி நேராகக் கடைத்தெருவுக்குள் நுழைகிறது. நடைபாதை கடைச்சரக்குக்கு இருக்கிறது. அம்பை பஜாருக்கு வேண்டியது விளக்கும் அல்ல, குறியற்ற வெளியும் அல்ல. ஊர் முகப்பிலேயே வேகத்தை இறக்கும் வாசலமைப்பு, பள்ளி முன்னால் தரையை உயர்த்தி அதன்மேல் வரைந்த ஜீப்ரா கோடு, பேருந்து நிற்குமிடத்தைச் சந்திப்பிலிருந்து தள்ளி வைத்தல், நிறுத்தக் கோடு. இவ்வளவும் செய்தபின்னும் நெரிசல் எஞ்சினால் அப்போது விளக்கைப் பற்றிப் பேசலாம்.

பாபநாசம் தாண்டிக் காட்டுக்குள் போகும் சாலை பற்றி நீட்ட வேண்டியதில்லை. களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தின் சோதனைச் சாவடி வேகத்தையும் நேரத்தையும் கையிலேயே வைத்திருக்கிறது. பலகை குறைவு, ஆளின் சொல் அதிகம். ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குக் கூட்டம் பெருகும் நாட்களில், கயிறும் தற்காலிகப் பலகையும் காவலரின் விசிலும் கொண்டு நடக்கும் ஏற்பாடு நிலையான குறிகளைவிட ஒழுங்காகவே இயங்குகிறது. ஒரே ஆணை, ஒரே குரல் என்பதே அதன் வெற்றிக்குக் காரணம்.

அந்த ஒற்றைக் குரல்தான் முதன்மைச் சாலையில் இல்லை. தார் ஒருவர் பொறுப்பு, ஊருக்குள் தெருவிளக்கு மற்றொருவர் பொறுப்பு, பேரிகார்டு வேறொருவர் பொறுப்பு, கேட் இன்னொருவர் பொறுப்பு. சட்டப்படி அரசோ அரசு அதிகாரமளித்த அமைப்போ வைப்பதைத் தவிர வேறு குறி சாலையில் நிற்கக்கூடாது. ஆனால் யார் எதை எப்போது வைத்தார் என்ற பதிவேடு ஓரிடத்தில் இல்லாமல் முரண்பாட்டை யாரும் பிடிக்க முடியாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தம் 198-ஏ பிரிவைச் சேர்த்து, வடிவமைப்பு, கட்டுமான, பராமரிப்புத் தரத்தைக் கைவிட்டதால் உயிரோ உறுப்போ போனால் பொறுப்பாளருக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் என்றது. தொகை சிறிது, கொள்கை பெரிது: பழி ஓட்டுநரோடு முடிந்துவிடுவதில்லை என்று சட்டமே ஒப்புக்கொண்டுவிட்டது.

ஆகவே என் தீர்ப்பு இது. பலகைகள் பொருளால் தேறின, எழுத்தாலும் சில இடங்களில் பொருளுரைப்பாலும் தேறவில்லை. கோடுகள் தேறவில்லை. வேகத்தடை தன் உரிய பணியைத் தாண்டி மற்றவற்றின் பணியையும் சுமக்கிறது, அதுவும் பெரும்பாலும் தவறான வடிவில். சிக்னல் இப்போதைக்குத் தேவையற்றது. கிடைக்கும் பணத்தில் முதலில் கால்வாயோர ஓரக்கோட்டுக்கும் சிறுபாலச் சுவர்களின் ஒளிர்குறிக்கும், அடுத்து வளைவுகளில் பார்வைத் தூரத்தை அளந்து நடுக்கோட்டைத் திருத்துவதற்கும், பிறகு வேகத்தடைகளைச் சரியான வளைவுக்கு மாற்றுவதற்கும் செலவிட வேண்டும். புதுப்பலகைகள் கடைசியில். இதற்கெல்லாம் முன்னதாக, செலவே இல்லாத ஒரு வேலை உண்டு. கார் அறுவடை முடிந்ததும் ஒருமுறை, பிசானப் பருவத்தின் மழை ஓய்ந்ததும் மறுமுறை, சாலைப் பொறியாளரும் காவல் ஆய்வாளரும் நகராட்சி அலுவலரும் ஒரே வண்டியில், இரவு எட்டு மணிக்கு மேல், நெல்லையிலிருந்து பாபநாசம் வரை போய், தெரியாத கோட்டையும் பொய்யான பலகையையும் முரண்படும் குறியையும் கிலோமீட்டர் எண்ணோடு குறித்துக்கொண்டு திரும்பட்டும்.